பத்து நிமிட நுரை

என் மனைவியின் முதுகில் கேழ்வரகு அளவில் பொடிப்பொடியாக எழும்பியிருந்ததை முதலில் பார்த்தவர் எங்கள் வீட்டுக்கார அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் குனிந்து துணி துவைத்துக்கொண்டிருந்தவளின் ரவிக்கைக் கழுத்துக்கு மேலே பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கேவுரு கொட்டி வெச்ச மாரி கீது?" என்று கேட்டார். உள்ளே பாதித் தூக்கத்தில் படுத்திருந்த எனக்கு அது காதில் விழுந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. என் மனைவியின் முதுகைப் பற்றிய செய்தி எனக்கு இன்னொருவர் வாயால் வந்து சேர்ந்தது.

அது 1991. சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓர் அறையும் சமையலுக்கு ஒரு தடுப்பும் உள்ள போர்ஷனில் குடியிருந்தோம். அந்த ஆண்டு மே மாதத்தில் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகத்துச் செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பின்னால் வந்த ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களைப் பற்றி.

நான் சென்னையில் ஒரு நாளிதழில் புரூஃப் படித்துக்கொண்டிருந்தேன். இரவுப் பணி. பிற்பகல் பஸ் ஏறிப் போனால், விடியுமுன் பேப்பர் கட்டுகளோடு வேனில் உட்கார்ந்து திரும்புவேன். அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் காயில் சுற்றும் வேலையில் இருந்தாள். ரேடியோவுக்கும் டி.வி.க்கும் உள்ளே போகிற செப்புக்கம்பிச் சுருள்கள். காலை ஆறு மணி ஷிப்டு. மதியமே முடிய வேண்டியது, ஓ.டி. என்று மாலை வரை நீளும். நான் பஸ் ஏறிப் போன பிறகுதான் அவள் கம்பெனி வேனிலிருந்து இறங்குவாள். என் வார விடுமுறை செவ்வாய், அவளுடையது ஞாயிறு. செவ்வாய் இரவு இருவரும் ஒரே கூரையின் கீழ் இருப்போம். அவள் எட்டு மணிக்கே தூங்கிவிடுவாள். இரவெல்லாம் விழித்துப் பழகிய நான் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஞாயிறு பகலில் அவள் விழித்திருப்பாள், நான் தூங்குவேன்.

மிச்சம் இருந்தது விடியற்காலை. நான் வந்து சேர்வதற்கும் கம்பெனி வேன் வருவதற்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் அவள் தண்ணீர் இறைத்து, சோறு வடித்து, டப்பா கட்டி, தலை வார வேண்டும். அந்தத் தடுப்புக்குள் இரண்டு பேர் நிற்க முடியாது. "நகருங்க" என்பதுதான் அந்த நாட்களில் அவள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட சொல்.

வீட்டுக்கார அக்கா அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். உடம்புச் சூடு. நாளெல்லாம் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சூடு ஏறாமல் என்ன செய்யும்? நல்லெண்ணெயைக் காய்ச்சி அவரே முதுகில் அரக்கித் தேய்த்தார். வல்லக்கோட்டையில் இருந்த என் மாமியாருக்குச் செய்தி போனது. அங்கிருந்து ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் வந்தது, உச்சியிலும் நெற்றியிலும் வைக்கச் சொல்லி. இது போக, வேலைக்குப் போகும்போது தலைக்கு வழிய வழியத் தேங்காய் எண்ணெய் வைக்கிற பழக்கம் ஏற்கெனவே இருந்தது. கம்பெனியில் முடி மெஷினில் மாட்டாமலிருக்க நைலான் தொப்பி போட வேண்டும். எண்ணெய் இல்லாத முடியை அந்தத் தொப்பிக்குள் அடக்க முடியாது என்பாள். தொப்பியின் எலாஸ்டிக் நெற்றியில் ஒரு கோடு போடும். எண்ணெயும் வியர்வையும் அந்தக் கோட்டில் வந்து தங்கும்.

பதினைந்து நாளில் முதுகில் இருந்தது தோளுக்கு ஏறியது. நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் புதிதாக ஒரு வரிசை வந்தது. இப்போது நானும் உற்றுப் பார்த்தேன். முகப்பரு என்றால் ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக இருக்கும், ஒன்று பழுத்து நிற்கும். இவை எல்லாம் ஒரே அளவு. அரிப்பு இருந்தது, வலி இல்லை. வியர்த்தால் அரிப்பு கூடியது. கம்பெனியில் பக்கத்து மெஷினில் உட்காருகிற பெண் தன் ஸ்டூலை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள் என்று என் மனைவி ஒரு காலையில் சோறு வடித்துக்கொண்டே சொன்னாள். "ஒட்டிக்கும்னு பயம் அதுக்கு. நானா இருந்தாலும் தள்ளித்தான் போட்டிருப்பேன்." சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஓ.டி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். விரல் நுனியால் தடவிப் பார்த்தார்.

"எண்ணெய் தேய்க்கிறீங்களா?"

"தேய்க்கிறோம் மேடம். சூட்டுக்கு."

"யாரு சூடுன்னு சொன்னது?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"தேமல் பார்த்திருக்கீங்கல்ல? அதே குடும்பம்தான் இது. ஒரு காளான். உங்க தோல்ல, என் தோல்ல, எல்லார் தோல்லயும் சும்மா குடியிருக்கும். எண்ணெயும் வேர்வையும் கிடைச்சா அதுக்குக் கொண்டாட்டம். நீங்க வேளா வேளைக்குச் சாப்பாடு போட்டு வளர்த்திருக்கீங்க."

அவர் எழுதிக் கொடுத்தது பொடுகுக்குப் போடுகிற மருந்து ஷாம்பு. தலைக்கு வைப்பதை முதுகுக்கா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார். தோலை நனைத்து, மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் அப்படியே விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் படக்கூடாது. வாரத்துக்கு மூன்று நாள் போதும். சரியான பிறகு வாரத்துக்கு ஒரு நாள். உடம்புக்கும் நெற்றிக்கும் எண்ணெய் கூடவே கூடாது. தொப்பியைத் தினமும் வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். யாருக்கும் ஒட்டாது, பயப்பட வேண்டாம்.

"முதுகு எட்டாதே மேடம்" என்றாள் இவள்.

"அதுக்குத்தானே கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருக்கே" என்றார் டாக்டரம்மா, அடுத்த ஆளுக்கு மணி அடித்துக்கொண்டே.

மறுநாள் நான் வேலைக்குப் போக, அதற்கடுத்த விடியற்காலை தொடங்கினோம். கொல்லையில் கீற்றுத் தட்டி மறைத்த குளிக்கிற இடம். அதற்குள் ஒரு துவைக்கிற கல். பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு அவள் கல்லின் மேல் உட்கார்ந்தாள். தட்டியின் மேல் மாட்டிய குண்டு பல்பின் வெளிச்சம். பாட்டிலைக் குலுக்கித் திறந்தேன். வெளிறிய செம்மண் நிறத்தில் குழம்பாக வந்தது. தீக்குச்சி உரசிய மாதிரி ஒரு வாசனை. தோள்பட்டையிலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்து, பிறகு முன்னால் போய் நெற்றியில் தடவினேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஆச்சா?"

"ஆச்சு. பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா! ஐயையோ, உலை வெச்சிட்டு வந்திருக்கேன். பொங்கிடும்."

"ஸ்டவ்வை அணைச்சிட்டேன்."

"அணைச்சிட்டீங்களா? அத்த மறுபடி பம்ப் அடிச்சிப் பத்த வெக்கறதுக்குள்ள வேனே வந்துடும். ஆம்பளைங்க சமையக்கட்டுல கை வெச்சா இப்டித்தான்."

எழுந்திருக்கப் பார்த்தாள். கண்ணைத் திறக்க முடியாது, நெற்றியில் நுரை. முதுகைச் சாய்க்க முடியாது. கையில் வேலை எதுவும் செய்ய முடியாது. மறுபடி உட்கார்ந்துவிட்டாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஈர மண்ணில் நான் குந்தி உட்கார்ந்திருந்தேன். நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம் கேட்டது.

"சும்மா குந்திகினு இருக்க ஒரு மாரியா கீது. எதுனா சொல்லுங்க."

"என்ன சொல்லட்டும்?"

"ராவெல்லாம் பேப்பர் படிக்கிறீங்க இல்ல. இன்னா நியூஸு?"

டில்லிச் செய்தி சொன்னேன். அது அவளுக்கு ருசிக்கவில்லை. உள்பக்கத்து மூலையில் வருகிற நாலு வரிச் செய்திகளைச் சொல்லத் தொடங்கினேன். கிணற்றில் விழுந்த எருமையைத் தீயணைப்புப் படை வந்து தூக்கியது. நிச்சயதார்த்த வீட்டில் பந்தல் சரிந்து, சம்பந்திகள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தது. "அப்புறம் கல்யாணம் நடந்துச்சா?" என்று கேட்டாள். செய்தியில் அது இல்லை என்றேன். "இன்னா பேப்பர் நடத்துறீங்க. அதத்தானே போடணும்" என்றாள். நியாயமான குறை. எங்கள் ஆசிரியர் குழுவில் யாரும் அதைக் கேட்டதில்லை.

வாரத்துக்கு மூன்று விடியல் இப்படி அமைந்தது. மூன்றாவது, நாலாவது தடவைக்குள் அவள் முன்கூட்டியே சோற்றை வடித்துவைத்துவிட்டு, கொல்லையில் வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பாள். பத்து நிமிடத்தில் பாதி என்னுடைய செய்தி, பாதி அவளுடையது. சூப்பர்வைசர் யாரையாவது திட்டும்போது அவர் காது மட்டும் தனியாக ஆடும் என்று அவள் நடித்துக் காட்டினாள், கண்ணை மூடிக்கொண்டே. ஒரு சுருளுக்கு எத்தனை சுற்று என்பதை மெஷின் எண்ணினாலும் அவளும் மனதுக்குள் எண்ணுவாளாம். மெஷின் தப்பு செய்தால் பிடித்துவிடலாமே என்று. பேசும்போது வலது கால் பெருவிரலால் தரையில் கோடு இழுப்பாள். கூச்சமான எதையாவது சொல்லும்போது கோடு வளையும். இதெல்லாம் எனக்குப் புதிது. வேனில் பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்து வரும்போது அவளுக்கு எந்தச் செய்தியை முதலில் சொல்வது என்று மனதில் அடுக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்காக இரவு முழுவதும் விழித்திருப்பதுபோல் ஒரு நினைப்பு வந்துவிட்டது.

ஆவணி பாதியில் அவளுடைய கால் மெட்டி கறுத்துப்போனது. மருந்துத் தண்ணீர் முதுகிலிருந்து வழிந்து காலடியில் தேங்கி, வெள்ளியைக் கறுப்பாக்கியிருந்தது. வீட்டுக்கார அக்கா அதை விடவில்லை. "நான் சொன்னா கேட்டீங்களா? ஒடம்பு சூடு வெள்ளிய எப்டி கருக்கிட்டுது பாரு. தம்பி, பேப்பர்ல வேல செஞ்சா எல்லாம் தெரிஞ்சிடாது. ரெண்டு கரண்டி நல்லெண்ண!" என்றார். மருந்தால் வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். "வெள்ளிக்கு இன்னா பொடுகா?" என்று கேட்டார்.

முதுகு தெளிந்துகொண்டு வந்தது. முதலில் தோள்கள். பிறகு முதுகெலும்பின் இரண்டு பக்கமும். புள்ளிகள் தட்டையாகி, பழுப்பு நிறத் தடங்களாகி, அந்தத் தடங்களும் மங்கின. நெற்றி அதற்கு முன்பே சரியாகிவிட்டது. பக்கத்துப் பெண் ஸ்டூலைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். புரட்டாசி பிறந்தபோது, அந்த முதுகில் மருந்து வைக்க வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை. டாக்டரம்மா சொன்னபடி வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைக்க வேண்டிய நேரம்.

அன்று காலை நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "இன்னும் அரிக்குது."

"எங்கே?"

"அங்கதான். நடுவுல."

பல்பு வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தப்பு கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான். பாட்டிலைக் குலுக்கினேன்.

இன்றைக்குக் கேட்டாலும், அப்போது நிஜமாகவே அரித்தது என்றுதான் சொல்வாள்.

மூன்று நாள் என்பது எப்போது தினமும் என்று ஆனது என்று எங்கள் இருவருக்குமே சொல்லத் தெரியாது. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. நான் வந்து செருப்பை விடும்போது கொல்லையில் விளக்கு எரியும். ஒருநாள் வழியில் போலீஸ் சோதனை. மே மாதத்துக்குப் பிறகு அந்தச் சாலையில் அது அடிக்கடி நடந்தது. கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள். நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தபோது விடிந்துவிட்டிருந்தது. அவள் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். தோளையும் முதுகையும் நனைத்து வைத்திருந்தாள். தண்ணீர் காய்ந்து, மறுபடி நனைத்து, அதுவும் பாதி காய்ந்திருந்தது. பாட்டில் மடியில் இருந்தது. நான் தட்டியை விலக்கிய அதே நேரத்தில் சாலையில் வேன் ஹாரன் அடித்தது.

"சோதனை" என்றேன்.

"தெரியுது" என்றாள். பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். ஈர முதுகின் மேலேயே ரவிக்கையைப் போட்டுக்கொண்டு ஓடினாள். நான் அந்தப் பாட்டிலோடு கொல்லையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கார அக்கா வாளியோடு வந்து, "இன்னா தம்பி, மருந்து குடிச்சிட்டியா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் முதுகு சிவந்தது. தோள்பட்டையில் வெங்காயச் சருகு மாதிரித் தோல் உரிந்தது. கம்பெனியில் போடும் டெரிலின் கோட்டு பட்டால் எரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. மருந்தைத் தடவும்போது ஒருநாள் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் காதில் விழுந்தது. அன்றோடு பாட்டிலை மூடிவிட்டேன். செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவிடம் போனோம்.

"காளான் சுத்தமாப் போயிடுச்சு" என்றார் அவர். "இது மருந்து பண்ணின வேலை. எத்தனை நாளா போடுறீங்க?"

அவரே எங்கள் பழைய சீட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"வாரம் மூணு நாள்தானே சொன்னேன்?"

"ஆமாங்க."

"தினமும் போட்டீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"சரியான பிறகுமா? எதுக்கு?"

என் மனைவி காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரல் டாக்டரம்மாவின் சிமென்ட் தரையில் வளைவாக ஒரு கோடு இழுத்தது. டாக்டரம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொஞ்சம் காத்திருந்துவிட்டுச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு மாதத்துக்கு அந்த மருந்தைத் தொடவே கூடாது என்றார். எரிச்சலுக்கு வெள்ளையாக ஒரு களிம்பு எழுதினார். எண்ணெய்ப் பசை இல்லாதது. அதைத் தோள்வழியாக அவளே தடவிக்கொள்ளலாம், பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு கிடைத்தது. சீட்டில் முதுகு படாமல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வழியில் ஒரு தியேட்டரைத் தாண்டியதும் சிரிக்கத் தொடங்கினாள்.

"ஏங்க, அந்தம்மா எதுக்குன்னு கேட்டாங்களே, நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ ஏன் சொல்லலே?"

"எப்டிச் சொல்றது? புருசங்கிட்டப் பேசறதுக்குப் பொடுகு மருந்து போட்டுகினேன்னா? வெக்கக்கேடு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த விடியல்களில் கொல்லையில் விளக்கு எரியவில்லை. அவள் தடுப்புக்குள் இருந்தாள். மருந்து இல்லாவிட்டால் என்ன, உட்கார்ந்து பேசலாம் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்தாள். பாலுக்கு எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து, டப்பா மூடியைத் தேடி எழுந்தாள். "சும்மா எப்டிங்க குந்தறது? கையி கால் நிக்கமாட்டேங்குது" என்றாள். கண்ணைத் திறந்து வைத்திருக்கிற மனுஷிக்குச் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் கண்ணில் பட்டன. நான் சொல்லிக்கொண்டிருந்த செய்தி பாதியில் நின்றது. அவள் மீதியைக் கேட்கவில்லை.

பிறகு ஒரு காலை, அவள் செருப்பு மாட்டும்போது நானும் கூடக் கிளம்பினேன்.

"எங்க?"

"வேன் நிக்கிற இடம் வரைக்கும்."

"பொண்ணுங்க எல்லாம் பார்க்கும்."

"பார்க்கட்டும்."

எங்கள் பக்கத்தில் அப்போது புருஷன் கம்பெனி வேன் வரை வந்து வழியனுப்புகிற வழக்கம் இல்லை. சண்டை போட்டுப் பிரிந்த மனைவியைத் திரும்ப அழைத்துப் போக வருகிறவன்தான் அங்கே வந்து நிற்பான். முதல் நாள் வேனுக்குள்ளிருந்து ஒரு குரல், "இன்னாக்கா, மாமா ஷிப்டு மாத்திகிட்டாரா? சூப்பர்வைசர் வரலைன்னா ஏத்திக்கலாம்!" என்றது. உள்ளே சிரிப்பு. இவள் தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள். ஆனால் மறுநாள் என்னை வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டிலிருந்து சாலைக்கு நடை தூரம் மிகக் குறைவு. இருவரும் மெதுவாக நடந்தோம். பல நாள் வேன் முன்னாலேயே வந்து நிற்கும். ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஒரு காலை, தெருவைத் தாண்டுவதற்கு முன்பே ஹாரன் கேட்டது. பந்தல் சரிந்த வீட்டுக்காரர்கள் மாதிரியே இன்னொரு குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தி வைத்திருந்தேன். அதில் கல்யாணம் நடந்துவிட்டது. அதை விசாரித்துப் போட்டிருந்தார்கள். சொல்லத் தொடங்கியிருந்தேன்.

"அப்புறம்?" என்றாள், ஓடிக்கொண்டே.

"நடந்திடுச்சு!" என்று கத்தினேன். கேட்டதா தெரியவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு குட்டைகளைத் தாண்டி ஓடினாள். டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தான். படியில் ஏறி உள்ளே திரும்பும்போது அவள் முகம் என் பக்கம் வந்தது. வேனின் கதவு மூடிக்கொண்டது. மழை ஈரத்தில் டயர் கோடுகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போயின. நான் டீக்கடை ஓரத்தில் நின்று, சொல்லாமல் மிச்சமிருந்த பாதிச் செய்தியை எனக்குள் ஒரு முறை சொல்லி முடித்தேன்.